கூட்டாத அறைக்கு ஒரு நட்சத்திரம்

சாமி,

உங்கள் கார் பலாமரத்துத் திருப்பத்தில் மறைந்ததும் உன் அப்பா மிளகுக்கொடியைப் பார்க்கத் தோட்டத்துக்குப் போய்விட்டார். எனக்குத்தான் கைக்கு வேலையில்லை. வேலை இல்லாமல் இல்லை. வேலை நிறையக் கிடக்கிறது. கூடம் முழுக்கப் பூச்சரத்து உதிரி, வாசலில் வெற்றிலைக் காம்பு, உன் மனைவி தலை வாரிய இடத்தில் இரண்டு ஹேர்பின். கல்யாணம் நடந்த வீடு வேறெப்படி இருக்கும்? ஆனால் விளக்குமாறு கதவுக்குப் பின்னால் சாத்தியபடியே இருக்கிறது. நான் அதைத் தொடவில்லை. ஏன் தொடவில்லை என்று உனக்குத் தெரியும். ஊரில் பாதிப் பேருக்குத் தெரியும். ஒரு நட்சத்திரத்தின் புண்ணியத்தில் இணையத்தில் நம் பக்கத்தைப் படிக்கிற எல்லோருக்கும் தெரியும். அந்த நேரத்தை வீணாக்குவானேன் என்றுதான் பேனாவை எடுத்தேன்.

காரில் ஏறும்போது சொன்னாயே, "அம்மா, அந்தக் கம்பெனிக்காரங்களுக்கு ஞாயித்துக்கெழமைக்குள்ள பதில் சொல்லோணும். நீ சரின்னு சொல்லிட்டா நான் நிம்மதியா வேலைக்குப் போவேன்" என்று. நான், "மொதல்ல நல்லபடியாப் போயிச் சேருங்க கண்ணு, சொல்றேன்" என்றேன். இதுதான் அந்தப் பதில். நேரில் சொல்லியிருந்தால் பாதியில் நீ குறுக்கே பேசுவாய், நான் மறந்துபோவேன், உன் அப்பா சிரிப்பு மூட்டிவிடுவார். எழுத்தில் அந்தத் தொல்லை இல்லை. இதைப் படம் பிடித்து, வாடகைக்கு விடுகிற நம் அறைகளின் இணையப் பக்கத்திலேயே போடவும் நினைத்திருக்கிறேன். தங்க வருகிறவர்களும் படிக்கட்டும். அவர்களுக்கும் இதில் பங்கு உண்டு.

உன் கவலை எனக்குப் புரியாமல் இல்லை. வீட்டுக்குப் பின்னால் நாம் கட்டிய இரண்டு அறைகளையும் இணையத்தில் ஏற்றியவன் நீ. படம் எடுத்தது, விலை போட்டது, எந்த நாள் காலி எந்த நாள் நிறைந்தது என்று குறித்தது, ரிவ்யூ எழுதுகிறவர்களுக்கு மறுமொழி சொன்னது எல்லாம் நீ. இனி கோயம்புத்தூரில் ஒரு ஆபீசில் உட்கார்ந்து ஊரான் ஓட்டல்களின் ரிவ்யூவைப் பார்க்கப் போகிறாய். நம்முடையதை யார் பார்ப்பார்கள்? அம்மாவுக்கு என்ன தெரியும்? கம்பெனியிடம் கொடுத்துவிட்டால் அவர்கள் போர்டை மாட்டி, அவர்கள் ஆளைப் போட்டு, அவர்களே மறுமொழியும் எழுதிக்கொள்வார்கள். மாதம் பிறந்தால் நமக்கு ஒரு தொகை. உன் கணக்கில் தப்பில்லை. ஆனாலும் நான் வேறு பக்கமிருந்து பார்க்கிறேன்.

உனக்கு ஒரு விஷயம் சொன்னதில்லை. ரிவ்யூ என்ற சொல் தெரியாத காலத்திலேயே எனக்கு ரிவ்யூ பிடிக்கும். நான் செம்மேட்டில் படிக்கும்போது நூலகத்தில் எடுக்கிற கதைப் புத்தகங்களின் கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் திருப்புவேன். அங்கே முன்னால் படித்தவர்கள் பென்சிலில் எழுதியிருப்பார்கள். 'அருமை.' 'தூக்கம் வந்தது.' 'கடைசியில் அவள் செத்துவிடுவாள், யாரும் படிக்க வேண்டாம்.' அந்த ஆள் மேல் கோபம் வந்தாலும் அவர் அழுதுகொண்டே எழுதியிருக்கிறார் என்று கையெழுத்தைப் பார்த்தே கண்டுபிடிப்பேன். புத்தகத்தைவிட அந்த ஆட்களைப் பற்றி யோசித்த நேரம்தான் அதிகம். அதனால் நீ முதன்முதலாக நம் பக்கத்தைப் போனில் காட்டியபோது எனக்கு அது புதிதாகவே தெரியவில்லை. கடைசிப் பக்கம் மட்டும் பெரிதாகிவிட்டது, அவ்வளவுதான்.

ஆரம்பத்தில் நடந்த கூத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. வரைபடத்தில் நீ குத்திய சிவப்புப் புள்ளி நம் ஊர் இருக்கிற திண்ணனூர் நாட்டில் விழாமல், மலையின் இன்னொரு பகுதியான அரியூர் நாட்டில் யாரோ ஒருவர் நெல்வயலில் விழுந்துவிட்டது. முதல் விருந்தாளிகள் சேற்றில் வண்டியை இறக்கிவிட்டார்கள். வயல்காரர் நமக்குப் போன் போட்டு, "ஏனுங்க, உங்க ஊட்டுக்கு வந்த ஒரம்பரை என் நாத்தங்கால்ல நிக்கிறாங்க. வந்து கூட்டிட்டுப் போறீங்களா, நானே சோறு போட்டுரட்டுமா?" என்று கேட்டார். நீ வெட்கத்தில் சிவந்துபோனாய். ஆனால் அந்த விருந்தாளிகள் எழுதியதைப் படித்தாயே. 'வழி தவறினோம், அதனால் இரண்டு வீட்டில் சாப்பிட்டோம்' என்று எழுதி ஐந்து நட்சத்திரம் போட்டிருந்தார்கள். மனிதர்கள் எதற்கு எத்தனை நட்சத்திரம் போடுவார்கள் என்று முன்கூட்டிச் சொல்லவே முடியாது என்பதை அன்று கற்றுக்கொண்டேன்.

இன்னொன்றும் கவனித்தேன். ரிவ்யூவுக்குப் பருவம் தெரியாது. யாரோ பலாப்பழக் காலத்தில் வந்து, வாசலில் சுளை உரித்துச் சாப்பிட்டதைப் படமெடுத்துப் போட்டார்கள். அதைப் பார்த்துவிட்டு மார்கழிப் பனியில் வந்தவர்கள், "பலாப்பழம் எங்கீங்க?" என்று கேட்டார்கள். மழைக்காலத்தில் ஆகாய கங்கை அருவி கொட்டுகிற வீடியோவைப் பார்த்துவிட்டுக் கோடையில் வந்து, அத்தனை படியும் இறங்கி, நூலாக ஒழுகுகிற தண்ணீரைக் கண்டு நம்மை முறைத்தவர்களும் உண்டு. அவர்கள் மேல் தப்பில்லை. முன்னால் வந்தவர் தன் நாளைத்தான் எழுதிவிட்டுப் போகிறார். பின்னால் வருகிறவர் அதைத் தன் நாளாக எடுத்துக்கொள்கிறார். அதனால்தான் எந்த மாதம் வந்தால் மலையில் என்ன இருக்கும், என்ன இருக்காது என்று பக்கத்தில் எழுதச் சொன்னேன். 'இல்லைங்கறத யாராவது விளம்பரத்துல எழுதுவாங்களா?' என்று கேட்டாய். எழுதிய பிறகு பலாப்பழச் சண்டை ஒன்றுகூட வரவில்லை.

சரி, அந்த ஒற்றை நட்சத்திரத்துக்கு வருகிறேன்.

யார் ஊருக்குக் கிளம்பினாலும் அவர்கள் போய்ச் சேருகிறவரை நம் வீட்டில் கூட்ட மாட்டோம். கிளம்பியவர்களின் காலடியைப் பெருக்கித் தள்ளுவது போல ஆகிவிடும் என்று நினைப்பு. விருந்தாளிகள் விஷயத்தில் நான் அதைக் கொஞ்சம் தளர்த்தி, மலையிறங்கி அடிவாரத்துக் காரவள்ளியைத் தொட்டிருப்பார்கள் என்று தோன்றும்வரை மட்டும் பொறுத்திருப்பேன். எழுபது கொண்டை ஊசி வளைவு அது, சின்ன விஷயமா? காசு கொடுத்துத் தங்கியவர்கள்தானே என்று எனக்குத் தோன்றியதே இல்லை. நம் வீட்டிலிருந்து கிளம்பினால் நம் வீட்டு ஆட்கள்தான்.

அன்று வயதான அண்ணன் தம்பி இருவர் மத்தியானம்தான் அறையை விட்டுக் கிளம்பினார்கள். நல்ல மூடுபனி. அவர்கள் போன சூடு ஆறவில்லை, திருச்சிப் பக்கமிருந்து அடுத்த குடும்பம் வந்து இறங்கிவிட்டது. கணவன், மனைவி, இடுப்பில் ஒரு குழந்தை. இன்னொரு அறையிலும் ஆட்கள் இருந்தார்கள்.

"ரூம் ரெடிங்களா?" என்றார் அவர்.

"கொஞ்சம் உக்காருங்க கண்ணு. முன்னால இருந்தவங்க இன்னும் காரவள்ளி சேரலீங்க."

"அவங்க சேர்றதுக்கும் எங்க ரூமுக்கும் என்னங்க சம்பந்தம்?"

"அதுக்குள்ள கூட்டக் கூடாதுங்க."

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லலீங்க. நாங்க கூட்ட மாட்டம்."

அந்தப் பெண் மெதுவாக, "எங்க வீட்லயும் அம்மா அப்படித்தாங்க சொல்லுவாங்க" என்றாள். அவர் திரும்பி, "அது உங்க வீடு. இது காசு குடுத்து எடுத்த ரூம்" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது. குழந்தை பசியில் சிணுங்கிக்கொண்டிருந்தது. நான் காபி போட உள்ளே போன நேரத்தில் அவர் அறைக் கதவைத் திறந்து படமெடுத்துவிட்டார். கசங்கிய விரிப்பு, நாற்காலியில் ஈரத்துண்டு, சன்னலில் காபி குடித்த டம்ளர். மறுநாள் அந்தப் படம் நம் பக்கத்தில் முதலாவதாக வந்து நின்றது. 'அறை சுத்தம் செய்யப்படவில்லை. முன்பு தங்கியவர்கள் இன்னும் ரோட்டில் இருக்கிறார்களாம், அதனால் பெருக்க மாட்டார்களாம். விசித்திரமான சாக்கு.' ஒரு நட்சத்திரம்.

நீ அன்று என்னிடம் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. போனைப் பார்த்துக்கொண்டே, "ஏம்மா, யாரோ எவரோ. அவங்க எப்பப் போய்ச் சேந்தா உனக்கென்ன?" என்று கேட்டாய். பிறகு உட்கார்ந்து ஒரு மறுமொழி எழுதினாய். 'ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம். சம்பந்தப்பட்ட ஊழியர் மீது உரிய நடவடிக்கை எடுக்கப்பட்டுள்ளது.' இரவு சாப்பிடும்போது உன் அப்பா என்னைப் பார்த்துக் கையைக் கட்டிக்கொண்டு, "ஏனுங்க ஊழியரே, நடவடிக்கை எல்லாம் முடிஞ்சுதுங்களா? இன்னைக்கு எங்களுக்குச் சோறு உண்டுங்களா?" என்று கேட்டார். நீயும் சிரித்துவிட்டாய். ஆனால் அந்தச் சிரிப்பு ரொம்ப நாள் நிற்கவில்லை.

நமக்கு வந்திருந்த ரிவ்யூக்களே கொஞ்சம். நிறைய இருந்தால் ஒரு ஒற்றை நட்சத்திரம் அதில் கரைந்துபோயிருக்கும். கொஞ்சமாக இருந்ததால் சராசரி சரிந்தது. நாலுக்கு மேலே உள்ளதை மட்டும் காட்டு என்று எல்லோரும் பொத்தானை அழுத்தித் தேடுகிறார்கள் என்று நீ விளக்கினாய். நம் வீடு இருந்த இடத்தில்தான் இருந்தது. தேடுகிறவர்கள் கண்ணுக்கு மட்டும் மலையில் இல்லாமல் போயிற்று. கோடை விடுமுறையில் எல்லா வீட்டு வாசலிலும் கார் நின்றது, நம் வாசலில் கோழி மேய்ந்தது. அப்போதுதான் நீ கீழே வேலை தேட ஆரம்பித்தாய். அந்த நட்சத்திரம்தான் உன்னை மலையிறக்கியது என்று உனக்கு ஒரு எண்ணம் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை, சாமி. நீ ஊரான் சண்டைக்கு உட்கார்ந்து பொறுமையாகப் பதில் சொல்கிற பிள்ளை. அதற்கென்று ஒரு வேலை உலகத்தில் இருப்பது எனக்கு இப்போதுதான் தெரிகிறது. உனக்கேற்ற இடத்துக்குத்தான் போகிறாய்.

நீ இன்டர்வியூவுக்குப் போயிருந்த நாளில் உன் மறுமொழியை நான் எடுத்துவிட்டேன். எடுப்பது எப்படி என்று தெரியாமல் அரை நாள் தடவிக்கொண்டிருந்தேன். அதற்குப் பதிலாக நானே எழுதினேன். நீ படித்திருக்கிறாய், ஆனாலும் இங்கே மறுபடி எழுதுகிறேன்: 'தம்பி, எங்களிடம் ஊழியர் யாரும் இல்லை, நான் மட்டும்தான். ஒருவர் கிளம்பினால் அடிவாரம் சேரும்வரை அவர் இருந்த இடத்தைக் கூட்டுவதில்லை. அது எங்கள் வழக்கம், அதை விட முடியாது. ஆனால் அந்த வழக்கத்துக்காக உங்கள் குழந்தையைப் பசியோடு காக்க வைத்தேன். அது வழக்கம் இல்லை, என் யோசனைக் குறைவு. இனி காலையில் காலியாகும் அறையை மாலை மூன்று மணிக்கு மேல்தான் கொடுப்போம். முன்னாலேயே வருகிறவர்களுக்குப் பந்தலில் இடமும் சாப்பாடும் இருக்கும். நீங்கள் கிளம்பிய அன்றும், காரவள்ளி சேர்ந்திருப்பீர்கள் என்று தோன்றிய பிறகுதான் உங்கள் அறையைக் கூட்டினேன்.'

அவர் அந்த நட்சத்திரத்தை மாற்றவில்லை. இன்றைக்கும் அது அங்கேயேதான் இருக்கிறது. நான் அதை எதிர்பார்த்தும் எழுதவில்லை. ஆனால் உனக்கு ஒன்று சொல்கிறேன், உன் ஆபீசில் உதவும். மறுமொழி குறை சொன்னவருக்கு மட்டும் எழுதுவது இல்லை. அடுத்து வரலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறவர் அதைத்தான் படிக்கிறார். நூலகப் புத்தகத்தில் 'யாரும் படிக்க வேண்டாம்' என்று எழுதியதற்குக் கீழே வேறொருவர், 'நான் படித்தேன், அழுதேன், நல்ல கதை' என்று எழுதியிருப்பார். நான் புத்தகத்தை எடுத்துப்போனது அந்தக் கீழ் வரியை நம்பித்தான்.

அதன் பிறகு வந்தவர்களில் சிலர் இறங்கும்போதே, "நீங்கதான் அந்தக் கூட்டாத அம்மாங்களா?" என்று கேட்டார்கள். எனக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. கிளம்புகிறவர்களிடம், "காரவள்ளி சேந்ததும் ஒரு வார்த்த அனுப்புங்க, எனக்கு வேல கெடக்குது" என்று சொல்ல ஆரம்பித்தேன். கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற பிள்ளைகள் நாலு பேர், 'விமானம் தரையிறங்கியது' என்று அனுப்பினார்கள். ஒருவர் விளக்குமாற்றுப் படம் மட்டும் அனுப்பினார். வழக்கமும் நிலைத்தது, நேரமும் மிச்சமாயிற்று. உன் போன் இல்லாமல் இது நடந்திருக்காது. உன் போன் மட்டும் இருந்தாலும் நடந்திருக்காது.

தானே கார் ஓட்டி மகளோடு வந்திருந்த ஒரு டீச்சரம்மாவை உனக்கு ஞாபகம் இருக்கும். அவர்கள் கிளம்பி வெகுநேரமாகியும் செய்தி வரவில்லை. நான் விளக்குமாற்றைப் பார்ப்பதும் போனைப் பார்ப்பதுமாக இருந்தேன்.

"சிக்னல் இருந்திருக்காது" என்றார் உன் அப்பா.

"அப்ப நீங்க போயிப் பாத்துட்டு வாங்க."

"அடியே, ரூம் கூட்டறதுக்காக ஒருத்தன் எழுபது வளைவு எறங்கோணுமா?"

"எழுவதும் எறங்க வேண்டாம். அவங்க நிக்கிற வளைவு வரைக்கும் போனாப் போதும்."

முனகிக்கொண்டே ஜீப்பை எடுத்தார். போனால், ஒரு வளைவில் பிரேக் சூடேறி, புகை நாற்றத்தோடு, மலையை ஒட்டி அந்தக் கார் நின்றிருக்கிறது. அம்மாவும் மகளும் பயத்தில் கையைப் பிடித்தபடி ரோட்டோரம் உட்கார்ந்திருக்கிறார்கள். சக்கரத்துக்குக் கல் வைத்து, ஆறும்வரை இருந்து, சின்ன கியரில் தானே ஓட்டிக் காரவள்ளியில் விட்டுவிட்டு, பஸ் ஏறி வந்து ஜீப்பை எடுத்துக்கொண்டு சாயங்காலம் வீடு சேர்ந்தார். "இப்பக் கூட்டிக்கோ" என்றார்.

டீச்சரம்மா ஒரு வாரம் கழித்து ரிவ்யூ எழுதினார்கள். மிளகுக் குழம்பு நன்றாக இருந்தது. வெந்நீர் வர நேரமாகிறது. நாலு நட்சத்திரம். வளைவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. உனக்குக் கோபம். "அப்பா செஞ்சதுக்கு அஞ்சு போடக் கூடாதா?" என்றாய். எனக்கோ அந்த ரிவ்யூவைப் பார்க்கப் பார்க்க நிறைவாக இருந்தது. அவர்கள் தங்கிய அறையைப் பற்றி நியாயமாக எழுதினார்கள். வெந்நீர் நிஜமாகவே தாமதமாகத்தான் வந்தது. நீ அந்த வாரமே ஹீட்டரை மாற்றினாய். வளைவில் நடந்ததை நட்சத்திரத்தில் சேர்க்கக் கூடாது என்று அவர்களுக்குத் தோன்றியிருக்கிறது. அது ஒரு வீட்டார் இன்னொரு வீட்டாருக்குச் செய்தது. கணக்கு அங்கேயே முடிந்துவிட்டது.

இனி கம்பெனி விஷயம். அவர்கள் அனுப்பிய தம்பி நல்ல பிள்ளை. தலையணை எல்லாம் அமுக்கிப் பார்த்தான், நம் காபியைப் புகழ்ந்தான். பிறகு, "ஒரே கண்டிஷன்தாங்கம்மா. கெஸ்ட் வெளியேறி அரைமணி நேரத்துல ரூம் கூட்டித் தொடச்சு ரெடியா இருக்கோணும்" என்றான்.

"அரைமணியில அவங்க எந்த வளைவுல இருப்பாங்க தம்பி?" என்று கேட்டேன்.

அவன் சிரித்தான். "அது நம்ம பொறுப்பு இல்லீங்களே" என்றான்.

அவன் வேலைக்கு அந்தப் பதில் சரி. எனக்குச் சரிப்படாது. அதனால் என் பதில், வேண்டாம் என்பது. அறைகள் என்னிடமே இருக்கட்டும். மறுமொழிகளை நானே எழுதுகிறேன். இங்கிலீஷில் வருவதை மொழிபெயர்க்கிற பொத்தான் எங்கே இருக்கிறது என்று உன் மனைவி காட்டிக் கொடுத்திருக்கிறாள். எனக்கு ஒரு நாள் தாமதமாகும், சில இடத்தில் தப்பும் வரும். மறுபடி யாராவது ஒற்றை நட்சத்திரம் போடலாம். நம் வாசலில் மறுபடி கோழி மேயலாம். மேயட்டும், மிளகு இருக்கிறது. நீ நிம்மதியாக வேலைக்குப் போ.

உனக்குச் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். ஆபீசில் கோபமான ரிவ்யூ வந்தால் அந்த ஆள் எத்தனை மணிக்கு வந்து இறங்கினார் என்று முதலில் பார். பெரும்பாலும் பசி நேரமாக இருக்கும். ஓட்டல்காரர் முரட்டுத்தனமாகப் பதில் எழுதியிருந்தால் அவர் வீட்டிலும் அன்று கோழி மேய்ந்திருக்கும் என்று நினைத்துக்கொள். ஐந்தையும் ஒன்றையும் வேகமாகப் படி; மூன்று போட்டவர்களை நிதானமாகப் படி, அவர்கள்தான் யோசித்து எழுதுகிறவர்கள். இல்லாத ஊழியர் மேல் நடவடிக்கை எடுக்காதே. வீட்டுக்கு வந்ததும் நட்சத்திரங்களைக் கதவுக்கு வெளியே விட்டுவிடு. அவள் வைக்கிற ரசத்துக்கும் நீ தேய்க்கிற பாத்திரத்துக்கும் யாரும் யாருக்கும் மார்க் போட வேண்டாம். நீ பாத்திரம் தேய்ப்பாய்தானே?

இந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டுப் போனை எடுத்தேன். நீ அனுப்பியிருப்பாய் என்று பார்த்தால், உன் மனைவி. கூட்டாமல் காத்திருப்பதைப் பற்றி நான் அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை, நீயும் சொல்லவில்லை என்றுதான் நினைக்கிறேன். நம் பக்கத்தில் அந்தப் பழைய ஒற்றை நட்சத்திரத்தைப் படித்திருக்கிறாள் போல.

'அத்தை, காரவள்ளி வந்துட்டோம். எல்லா வளைவும் முடிஞ்சுது. என் ஹேர்பின் ரெண்டு அங்க கெடக்கும், அதை மட்டும் எடுத்து வெச்சுட்டுக் கூட்டுங்க. தீபாவளிக்கு வந்து வாங்கிக்கறேன்.'

ஹேர்பின்னை எடுத்துக் கண்ணாடிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டேன், சாமி. நீங்கள் கோயம்புத்தூர் சேரும்வரை பொறுப்பதுதான் முறை, ஆனால் அவளே கூட்டச் சொல்லிவிட்டாள். எழுந்து போய் விளக்குமாற்றை எடுக்கிறேன்.

அம்மா